நைனா செயின் மாற்றிய நாலு நாள்

எங்கள் நைனாவுக்குத் தெரியாத வேலை என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். ஓடு ஒழுகினால் கூரைமேல் ஏறிவிடுவார். சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் இறக்கி அதன் வயிற்றைத் திறந்துவிடுவார். ஏறியவரை இறக்கவும் கழற்றியதை மாட்டவும் பிறகு வேறு ஆள் வருவான். அதைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

செஞ்சியில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். முன்கட்டில் மண்டி, பின்கட்டில் வீடு, அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அறுபதுகளின் நடுவில் என்று வையுங்கள், நைனா பாண்டிச்சேரி வக்கீல் ஒருவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கிவந்தார். கறுப்புக் கார். முன்கதவைச் சாத்தினால் பின்கதவு திறந்துகொள்ளும். கொட்டகையில் பாதியை மாடுகளுக்கு விட்டு மீதியைக் காருக்குக் கொடுத்தார். மாடுகள் அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக எங்கள் வண்டிக்காரர் சொன்னார். மண்டி மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. மாடுகளின் மனசு அவருக்குத்தான் தெரியும்.

கார் வந்ததில் நைனாவைவிட அம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. காரணம் இருந்தது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் வல்லம். கல்யாணம் முடிந்து செஞ்சிக்குக் கிளம்பிய அன்று, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிவந்த வில்வண்டி ஊர் எல்லையிலேயே அச்சு முறிந்துபோனது. பின்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மண்டி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையும் மாலையுமாக அம்மா அந்த மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்துதான் புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதைப் பார்த்து அம்மாவின் அண்ணி, அதாவது எங்கள் அத்தை, “மூட்டையோட மூட்டையா போவுது பாரு எங்க நாத்தனாரு” என்று ஊரே கேட்கச் சிரித்தாளாம். பன்னிரண்டு வருஷம் கழித்தும் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு ஆறவில்லை. கோலம் போடும்போதுகூடச் சில நாள் அதை நினைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

இப்போது சித்திக்கு, அம்மாவின் கடைசித் தங்கைக்கு, வல்லத்தில் கல்யாணம். திங்கட்கிழமை விடிகாலை முகூர்த்தம். முதல்நாள் பகலில் பிறந்த வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கப்போவதாக அம்மா ஒரு மாதம் முன்பே சொல்லியனுப்பிவிட்டாள். அண்ணி காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது காருக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, வைத்தியர் மாதிரி காதை வைத்துக் கேட்டுவிட்டு, “டைமிங் செயின் தேஞ்சி தொங்குது முதலாளி” என்றார். இன்ஜினுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம், ஒரு சின்னப் பல்சக்கரம். இரண்டையும் சேர்த்து சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் ஓடுகிறது. இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகச் சுற்றினால்தான் இன்ஜினுக்கு மூச்சு வரும். ஒரு பல் முன்னேபின்னே ஆனாலும் மக்கர் பண்ணிவிடும். “இதோட ஓட்டாதீங்க. மாட்டைக் கட்டி நம்ம ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்துடுங்க. ரெண்டு வாரத்துல குடுத்துடறேன்” என்றார் மெக்கானிக்.

நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “காரை மாட்டுல கட்டி கடைத்தெரு வழியா இழுத்துட்டுப் போறதா? அதுக்கு நான் கோட்டை மேல ஏறிக் குதிச்சிடலாம்.” மெக்கானிக்கை அனுப்பிவிட்டு அம்மாவிடம் வந்து, இதெல்லாம் ஒரு வேலையா, சைக்கிளுக்குச் செயின் மாட்டுவதுபோலத்தான் என்றார். அம்மா சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தின் கதி அவளுக்குத் தெரியும்.

புதுச் செயின் சென்னையிலிருந்து மல்லாட்டை லாரியில் புதன்கிழமை வந்து இறங்கியது. வியாழக்கிழமை காலை நைனா அரைக்கால் டிரவுசரும் பழைய பனியனுமாகக் கொட்டகையில் இறங்கினார். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் இருந்த படங்களை மட்டும் படித்தார். எழுத்தெல்லாம் வேலை தெரியாதவனுக்கு எழுதியது என்று எங்களிடம் சொன்னார்.

ரேடியேட்டரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்ததைக் கழற்றினார். கழற்றிய போல்ட்டுகளை இனம் பிரித்து வைக்க ஒரு நல்ல பெட்டி வேண்டும் என்று சமையலறைக்குள் போய் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்துவிட்டார். கடுகு இருந்த கிண்ணத்தில் சின்ன போல்ட், சீரகக் கிண்ணத்தில் வாஷர். கடுகையும் சீரகத்தையும் வெந்தயத்தையும் ஒரே காகிதத்தில் கொட்டி அம்மாவிடம் மரியாதையாகக் கொடுத்தார். அதன்பின் நாலு நாள் எங்கள் வீட்டில் எதைத் தாளித்தாலும் எல்லாமே ஒரே வாசனையாக இருந்தது.

அப்புறம் வந்தது ஒரு நட்டு. இன்ஜினின் மூக்கில் இருக்கும் பெரிய நட்டு. அதைக் கழற்றினால்தான் செயினைப் பார்க்கவே முடியும். நைனா ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினார், நகரவில்லை. வண்டிக்காரரும் தொங்கினார், நகரவில்லை. ஸ்பேனரின் வாலில் வண்டியின் முளைக்கம்பைக் கட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஏறி நின்றார்கள். கெரசின் ஊற்றினார்கள், மல்லாட்டை எண்ணெய் ஊற்றினார்கள். நைனா அந்த நட்டின் அம்மா அக்காவையெல்லாம் இழுத்துப் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா கையில் மோரோடு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாங்க, ஊறுகா ஜாடி மூடிய நாம இந்தப் பக்கந்தான தொறப்போம். நீங்க அந்தப் பக்கமா திருப்பறீங்களே.”

வண்டிக்காரர் நைனாவைப் பார்த்தார். நைனா மோரை வாங்கிக் குடித்தார். பிறகு, “உனக்கு இன்னா தெரியும், போ உள்ள” என்று சொல்லிவிட்டு, அம்மா உள்ளே போனபின் மறுபக்கம் திருப்பினார். காலையிலிருந்து இறுக்கியிருந்த நட்டு என்பதால் கழற்ற இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

பொழுது சாயும்போது மூடி கழன்றது. உள்ளே பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும், தொங்கிப்போன செயினும். இரண்டு சக்கரத்திலும் ஊசிமுனையால் குத்தினாற்போல ஒவ்வொரு சின்னக் குழி உண்டு. அந்தக் குழிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கவேண்டும், அப்படி நிறுத்திச் செயினை மாட்டினால் போதும் என்பதை நைனா படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அந்த மட்டில் கெட்டிக்காரர்தான். கிரீஸில் குழி கண்ணுக்குத் தெரியவில்லை என்று சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து, எண்ணெயில் குழைத்து, இரண்டு குழியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். இரண்டு பொட்டும் எதிரெதிரே இருக்கும்படி காரின் முன்னால் செருகிச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹேண்டிலால் திருப்பி நிறுத்தினார். பிறகு சக்கரங்களை உருவி, பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் கூட்டேரிப்பட்டில் மல்லாட்டை ஏலம். சனிக்கிழமை வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று திட்டம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண்டிக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தராசு, எடைக்கல், மரக்கால், படி எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தாக வேண்டும். சோறு போடுகிற சாமான் அழுக்காக இருந்தால் லட்சுமி உள்ளே வரமாட்டாள். அந்த வேலை எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிக்கொண்டிருந்தேன். அம்மா தாழ்வாரத்துப் பக்கம் வந்தவள் சாக்கைப் பார்த்துவிட்டாள்.

“ஐய, வெள்ளிக்கெழமையும் அதுவுமா இது இன்னா கன்றாவி? இதையும் ரெண்டு தேய் தேச்சி ஒரு பொட்டு வச்சிடுடி. அதுவாவது மனசு வச்சி வண்டிய ஓட்டட்டும்.”

நான் வஞ்சகமில்லாமல் தேய்த்தேன். தராசுத் தட்டைவிடச் சக்கரங்கள் நன்றாகப் பளபளத்தன. பொட்டு வைக்கும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, சக்கரத்துக்கு நெற்றி எது? சுற்றிச் சுற்றிப் பார்த்து, இரண்டிலும் நல்ல அகலமான இடமாகத் தேர்ந்தெடுத்து, மோதிர விரலால் வட்டமாக ஒவ்வொரு பொட்டு வைத்தேன். எனக்கே கண் நிறைந்துபோனது.

சனிக்கிழமை சக்கரங்களைப் பார்த்ததும் நைனா அசந்துபோனார். “யாரு தேச்சது? பலே! பாத்தியா, இம்மாம் தேச்சும் நான் வச்ச பொட்டு அழியல” என்று என் தலையைத் தடவினார். நானும் அழியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சக்கரங்களை மாட்டிப் பார்த்தால் பொட்டுகள் எதிரெதிரே இல்லை. ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று கோட்டையைப் பார்த்தது. “நான் நிறுத்தி வச்சிட்டுப் போனேன். எவன்டா ஹேண்டில திருப்புனது?” என்று நைனா கத்தினார். வீட்டில் எதைத் திருப்பினாலும் அது தம்பிதான். ஏழு வயதுக் குழந்தை, தான் இல்லை என்று அலற அலறக் காதைத் திருகிவிட்டார். பிறகு பொட்டும் பொட்டும் முகம் பார்க்கிற வரைக்கும் சின்னச் சக்கரத்தை ஹேண்டிலாலும் பெரியதைக் கையாலும் திருப்பி, புதுச் செயினை மாட்டி, மூடியை மூடினார். கடைசியில் அஞ்சறைப் பெட்டியில் இரண்டு போல்ட் மிச்சம். “தாராளமா குடுத்திருக்கான்” என்று அவற்றை டிரவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சீர்த்தட்டுகள், நான், தம்பி எல்லாம் உள்ளே. நைனா கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டிக்காரர் ஹேண்டிலைச் சுற்றினார். இன்ஜின் ஒரு தும்மல் தும்மியது. மறுபடி சுற்றினார், ஹேண்டில் பின்னுக்கு உதறி அவரை வைக்கோல் போரில் தள்ளியது. மூன்றாம் முறை டமார் என்று ஒரு வெடி. மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. கல்யாணக் கோஷ்டிக்கு வேட்டுப் போடுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதன்பின் காரிலிருந்து புகைதான் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே இருந்தது.

ஒன்பது மணிக்கு நைனா வேர்வையும் கரியுமாகப் பின்ஜன்னலுக்கு வந்தார். பஸ்ஸில் போய்விடலாமா என்று மெல்லக் கேட்டார்.

“நான் எறங்க மாட்டேன்” என்றாள் அம்மா. அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். “பஸ்ஸுல போறதுக்கா நாலு நாளு கெரசின் நாத்தத்துல சோறாக்குனேன்? கார்ல வரேன்னு சொல்லிட்டேன். கார்லதான் போவேன். எப்படிப் போவுமோ, அது உங்க பாடு.”

அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. நைனா அதைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, மாடுகளைப் பிடித்துவந்து காரில் பூட்டச் சொன்னார்.

கடைத்தெரு வழியாகத்தான் போனோம். வேறு வழி கிடையாது. பம்பரில் வடக்கயிறு கட்டி இரண்டு மாடு முன்னே, பானெட்டின்மேல் சாட்டையோடு வண்டிக்காரர், ஸ்டியரிங்கில் கோட்டுப் போட்ட நைனா. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கடையாவது மூடியிருக்கக் கூடாதா? எல்லாக் கடையும் திறந்திருந்தது. “இன்னா முதலாளி, பெட்ரோலுக்குப் பதிலா புண்ணாக்கா?” என்று ஒருவர் கேட்டார். நைனா ஹாரனை அடித்து வழி கேட்டுக்கொண்டே போனார். ஹாரன் மட்டும் அன்று அருமையாக வேலை செய்தது. எண்ணெய் மில் வந்ததும் மாடுகள் தினப்படி வழக்கமாக உள்ளே திரும்பிவிட்டன. மில் ஆட்கள் மூட்டை இறக்க ஓடிவந்து, பட்டுப்புடவையில் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

வல்லம் ஏரிக்கரை வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள். இறங்கிவந்து, தன் முந்தானையால், பட்டு முந்தானையால், நைனாவின் காதோரம் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள். நைனா குழந்தை மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு இருந்தார். எனக்கானால் புடவை பாழாகிறதே என்று பதறியது.

மாமா வீட்டு வாசலில் பந்தல் நிறைய ஜனம். முதல் ஆளாக ஆலம் தட்டோடு அத்தை வந்தாள். மாட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். அவள் வாய் விரிந்துகொண்டே போனது.

“இன்னா நாத்தனாரே, அப்பவும் மாடு, இப்பவும் மாடா? உங்க ஊட்டுக்காரரு காரு ஓடாதா?”

பந்தலில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டு, “இல்ல, நான்தான் செயினை...” என்று ஆரம்பித்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

“ஓடாம இன்னா அண்ணி, குதிரையாட்டம் ஓடுது. எனக்குத்தான் பெட்ரோல் வாடை ஒத்துக்கல. ஒரே கொமட்டல். பாவம், எனக்காக இன்ஜின அணைச்சிட்டு, கோட்டுப் போட்ட மனுஷன் மாட்டப் பூட்டி ஓட்டியாறாரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்ல அத்த, வண்டி ஸ்டார்ட்டே...” என்று நியாயம் பேசப் போன என் தொடையில் அம்மாவின் நகம் இறங்கியது. அத்தையோ என்னைக் கவனிக்கவே இல்லை. குமட்டல் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். சிரிக்க விரிந்த வாய் வேறு மாதிரி விரிந்தது. “அடி என் ராசாத்தி! எத்தினி மாசம்?”

அம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். கல்யாணம் முடிகிறவரை அம்மாவை ஒரு சொம்பு தூக்க விடவில்லை. அத்தை தன் கையாலேயே மாங்காய்ப் பத்தையும் நார்த்தங்காயும் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். நைனா பந்தக்காலில் சாய்ந்தபடி, தனக்குத் தெரியாமல் வீட்டில் என்ன நடக்கிறது என்ற முகத்தோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஆறேழு மாதம், வல்லத்திலிருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அம்மாவின் வயிற்றைத்தான் பார்த்தார்கள். அம்மா அதையும் சமாளித்தாள். நான் மட்டும் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

புதன்கிழமை அந்தத் திண்டிவனத்து மெக்கானிக்கையே வீட்டுக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. அவர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

“முதலாளி, கம்பெனிக்காரன் வச்ச குழி இங்க இருக்குது. பொட்டு எங்கியோ இருக்குது. இந்தப் பொட்டை யாரு வச்சது?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது: புளித்தண்ணீரில் கரைந்துபோன நைனாவின் பொட்டு, நான் தேடிக் கண்டுபிடித்த நெற்றி, தம்பியின் காது, வைக்கோல் போரில் விழுந்த வண்டிக்காரர், கடைத்தெரு. எல்லாம் என்னால். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நைனா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். வட்டமான பொட்டு, வெள்ளிதோறும் மண்டித் தராசில் இருக்கிற அதே பொட்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நான்தான் வச்சேன்” என்றார் நைனா. “சாமி கும்புட்டு நான்தான் வச்சேன்.”

மெக்கானிக் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பொட்டு வைத்தால் இன்ஜின் ஓடும் என்று நம்பிய செஞ்சி முதலாளியின் கதையைத் திண்டிவனம் முழுக்கச் சொல்லிவிட்டார். பிற்பாடு அந்தப் பக்கம் போனால் நைனாவைப் ‘பொட்டு முதலாளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நைனாவும் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அன்று போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு ஒரு பெரிய கவலையும் வந்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தம்பியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.

“அம்மா பொய் சொல்லுது. நைனாவுக்கு மறதி வந்துட்டுது. இனிமே இந்த ஊட்டை நாம ரெண்டு பேருந்தான் பாத்துக்கணும்.”

தம்பி பயந்துபோய், சரி என்று தலையாட்டினான்.